சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் அம்மாவோடு இதே பயணம் போய்வந்தேன் என்பதால் சொல்கிறேன்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குத் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் பூமி உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை (டிகிரி), அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், விடை சரியாக வரும்.

ஆனால் விமானம் அந்த வழியிலேயே போவதில்லை. எங்கள் விமானம் ஜப்பான் பக்கம் திரும்பி வடபசிபிக்கைக் கடந்தது. "அமெரிக்கா இடது பக்கம்தானே இருக்கு, இவன் ஏன் வலது பக்கம் போறான்?" என்று அம்மா திரையைப் பார்த்துக் கேட்டார். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வலுவான காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்தோம், அதுவும் கிழக்கு நோக்கித்தான். போக வர இரண்டு முறையும் கிழக்கே பறந்து உலகத்தையே சுற்றிவிட்டோம் என்பதில் அம்மாவுக்கு இன்றும் பெருமை.

நேரம் என்றால் பதினெட்டரை முதல் 19 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றைப் பொறுத்து முன்பின் ஆகும். பறப்பது ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை), 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பு கிடையாது, பிரீமியம் எகானமியிலிருந்துதான் டிக்கெட். செலவு இடித்தால் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானம் இருக்கிறது, எகானமியும் உண்டு, நேரம்தான் கூடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கி ஏறி நடப்பதைவிட நேரடி விமானமே மேல் என்பது என் கருத்து. நடைபாதை ஓரத்து இருக்கை வாங்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்க வையுங்கள்.

அப்புறம் தேதிக் கணக்கு. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. கோடையில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பினால் அதே தேதி காலை ஆறரைக்கே இறங்கிவிடுவீர்கள். திரும்பும்போது திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் புதன் அதிகாலை 5 மணிக்குத்தான் சாங்கி. அம்மா மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இந்தக் குழப்பத்தில் வேளை தவறிவிடும். கிளம்பும் முன் மருத்துவரிடம் நேர இடைவெளியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் இறங்கும்வரை என் கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டு, அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன். மாத்திரைப் பெட்டி கைப்பையில் இருக்கட்டும்.