வேலைக்கார யோவான்

அன்புள்ள ஐயா,

2015 தை மாதம் பாப்பரசர் மடுவுக்கு வந்தபோது சனத்தோடு சனமாக நானும் நின்றேன். அன்று காலைதான் கொழும்பில், ஒல்லாந்தர் காலத்தில் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து மறைந்து ஊழியம் செய்த குருவான யோசேவாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்திருந்தார்கள். அண்மையில் என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர், "அவரும் அவருடைய கோவாச் சபையும் போர்த்துக்கேயரின் கையாட்கள்தானே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது உண்மையா? கண்டியில் அவர் மழை பெய்வித்த புதுமையை எப்படி எடுத்துக்கொள்வது? அந்தச் சபை இப்போது எங்கே? இதையெல்லாம் அறிய ஒரே ஒரு புத்தகம் சொல்வீர்களா?

ரெ.
மன்னார்

அன்புள்ள ரெ.,

மழையை விடுங்கள். அதை வைத்து யாரும் யாரையும் மாற்றியதில்லை. ஒரே ஒரு புத்தகம் என்ற பேச்சையும் விடுங்கள். படிப்பிக்கிற ஆள் இப்படிக் கேட்டால், உங்களிடம் படிக்கிற பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்?

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு பழையது. போர்த்துக்கேய உளவாளி என்று சொல்லித்தான் 1692இல் கண்டியில் அடிகளாரைப் பிடித்து அடைத்தார்கள். விமலதர்மசூரிய அரசனே பிறகு அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டான். உங்கள் நண்பருக்கு இன்னும் தெளியவில்லை போலும்.

கோவாவில் போர்த்துக்கேயர் உள்ளூர்ச் சனத்தை எங்கே வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். உள்ளூர்க்காரர் குருவாகலாம், பங்குகளில் வேலை செய்யலாம். பிரான்சிஸ்கன், தொமினிக்கன், அகுஸ்தீன் சபைகளில் சேர முடியாது. யேசு சபை 1575இல் கொல்லத்துப் பிராமணரான பேரோ லூயிஸைச் சேர்த்தது, அதோடு கதவைச் சாத்திக்கொண்டது. அப்படி வெளியே நின்ற கோவாக் குருக்கள் சிலர்தான் 1682இல் பழைய கோவாவின் குன்றொன்றில் இருந்த அற்புதச் சிலுவைக் கோவிலில் ஒன்றாக வாழத் தொடங்கினார்கள். 1685இல் யோசேவாஸ் வந்து சேர்ந்து, புனித பிலிப்பு நேரியின் ஒரத்தோரியன் முறையில் அதற்கு ஒழுங்கு வகுத்தார். அந்த முறையில் துறவற வார்த்தைப்பாடு இல்லை. குருக்கள் சேர்ந்து வாழ்ந்தால் போதும். வெள்ளைச் சபைகளின் தயவு தேவைப்படாத ஒரு வழி. கையாட்கள் செய்கிற காரியமா இது?

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள். குருவுக்கு இடம் கொடுத்தால் மரணம் என்று சட்டம். வெள்ளைக் குரு கரையில் கால் வைத்த உடனே பிடிபடுவார். கொங்கணி பேசும் இந்தக் கறுத்த மனிதர் தூத்துக்குடிப் பக்கமிருந்து கடல் கடந்து, 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் படித்து, சில்லாலையில் மறைந்திருந்து ஊர் ஊராகத் திரிந்தார். சபைகள் எந்தத் தோலைக் காட்டி வாசலில் நிறுத்தினவோ, அந்தத் தோல்தான் இங்கே அவரைக் காப்பாற்றியது. 1697இல் கண்டியில் அம்மை பரவி அரசனும் பிரபுக்களும் நகரை விட்டுப் போனபோது, அவரும் மருமகன் யோசப் கர்வாலியோ அடிகளாரும் நின்று நோயாளரைக் கழுவினார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். இதை உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பல நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான்.

அடிகளாரோடு யோவான் என்று ஒருவர் வந்தார். வேலைக்காரர். கூடவே நடந்தார், கூடவே கண்டிச் சிறையில் இருந்தார், கூடவே பட்டினி கிடந்தார். மேய்ப்பரின் கதையைச் சொல்கிற யாரும் யோவானுக்கு ஒரு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. வெள்ளையர் தங்களைச் சேர்க்கவில்லை என்று தனி வீடு கட்டிய கோவாக் குருக்கள், அந்த வீட்டில் பிராமணரை மட்டுமே சேர்த்தார்கள். ஆம், ஞானஸ்நானம் பெற்றுத் தலைமுறைகள் கடந்த பிறகும் பிராமணர். கோவாவிலேயே மற்றச் சாதியாருக்கு இடமில்லை என்றால், சில்லாலைத் தமிழனுக்கும் நீர்கொழும்புச் சிங்களவனுக்கும் எங்கே இடம்? தலையைக் கொடுத்துக் குருவை ஒளித்து வைத்தவர்கள் அவர்கள். ஒரு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் ஆட்கள் வளைத்துப் பிடித்து அடித்தது அவர்களைத்தான்.

அடிகளாரைக் குறைசொல்வதாக நினைத்து எனக்கு நீண்ட மடல்கள் எழுதிவிடாதீர்கள். சுமை தூக்குகிறவன் கோலத்தில் நடந்த மனிதர் அவர். நான் சொல்வது வீட்டைப் பற்றி.

இது முந்நூறு வருடக் கதை என்றும் ஆறுதல்பட வேண்டாம். அதே சபையிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். யேசுவின் பாடுகளைப் புலம்பிச் சொல்லும் அவருடைய வியாகுலப் பிரசங்கத்தை நாங்கள் தபசு காலத்தில் கேட்டு வளர்ந்தோம். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஒருவர் மேசையில் குந்தியிருந்து இராகம் இழுத்து வாசிப்பார். தாயார் மகனைப் பார்த்துப் புலம்பும் இடத்தில் அம்மம்மா முந்தானையால் வாயைப் பொத்துவார். விளக்குக்குக் காற்றடிக்கும் ஒரு மனிதர் எங்கள் பங்கில் இருந்தார். அவருக்கு அது முழுவதும் மனப்பாடம். வாசிப்பவர் பிழைவிட்டால் இவருடைய உதடு அசைவது எனக்குத் தெரியும். அவரை ஒருநாளும் மேசைக்குக் கூப்பிடவில்லை. வாசிப்பு இன்ன குடும்பங்களுக்கு என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். "உனக்கேன் உந்த வேலை" என்று மூப்பர் ஒருவர் வாயை அடைத்தார்.

சபை எங்கே என்று கேட்டீர்கள். 1834இல் போர்த்துக்கல் தன் ஆட்சிப் பரப்பெங்கும் ஆண் துறவியர் சபைகளை மூடியது; அந்த அலையில் இதுவும் போயிற்று. அந்தக் கோவில் இடிபாடாகக் கிடக்கிறது, சிலுவை பழைய கோவாப் பேராலயத்தில் இருக்கிறது. கலைத்தது அரசாங்கம்தான். ஆனால் ஒன்றரை நூற்றாண்டு ஊழியம் செய்த நாட்டில், அந்தச் சபையை இது எங்கள் வீடு என்று சொல்லித் திரும்ப எழுப்ப ஒருவரையும் அது சேர்த்து வைத்திருக்கவில்லை. 1847இல் அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையார் ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கினார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

புத்தகம் வேண்டாம், ரெ. வருகிற தபசு காலத்தில் உங்கள் ஊர்க் கோவிலில் பிரசங்கம் யார் வாசிக்கிறார்கள், எந்தத் தெருக்காரர் இதுவரை வாசித்ததில்லை என்று விசாரித்து எழுதுங்கள். உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.