தக்காளியை முதலில் தனியாகச் சுடுங்கள், சீஸ் பிறகு போகட்டும்

"விருந்தினருக்குச் சூடாகக் கொடுக்க, சீஸும் சுட்ட தக்காளியும் வைத்து எளிதான ஸ்டார்ட்டர் எப்படிச் செய்வது? நான் செய்தால் தட்டெல்லாம் தண்ணீராக நிற்கிறது, சீஸ் ரப்பராக இறுகிவிடுகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் நகர என்னால் முடியவில்லை.

நீங்கள் வெளிநாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர் என்று எடுத்துக்கொள்கிறேன். சமையலறையில் ஓவன் இருக்கிறது, ஆனால் அதற்குள் இதுவரை வாணலிகளைத்தான் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். இப்போது அலுவலக நண்பர்களைச் சாப்பிட அழைத்துவிட்டீர்கள். தக்காளியை வெட்டி, மேலே மொசரெல்லாவோ கடையில் கிடைத்த சீஸ் துண்டுகளோ பரப்பி, எல்லாவற்றையும் ஒன்றாக ஓவனுக்குள் தள்ளியிருப்பீர்கள். அப்படியானால் இரண்டு இடங்களில் சரிசெய்ய வேண்டும்.

முதலாவது தக்காளி. அதன் எடையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆழமான பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, மேலே சீஸையும் போட்டு மூடினால் ஆவி வெளியேற வழியே இல்லை. தக்காளி சுடுபடாது, தன் சாற்றிலேயே வேகும். அகலமான தட்டில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி பரப்பி, சீஸ் இல்லாமல் முதலில் தனியாகச் சுட வேண்டும். தோல் சுருங்கி, விளிம்புகளில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, தட்டின் ஓரத்தில் சாறு பாகுபோல ஒட்டிக்கொள்ளும் வரை காத்திருங்கள். அந்த ஓரப் பாகில்தான் ருசி முழுவதும் இருக்கிறது.

இரண்டாவது சீஸ். மொசரெல்லா சூட்டில் உருகி நூலாக இழுபடும். ஆறினால் அந்த நூல்களே இறுகிவிடும். பீட்சா என்றால் சுடச்சுட ஐந்து நிமிடத்தில் காலியாகும், கவலையில்லை. பேசிக்கொண்டே அரை மணி நேரம் தொட்டுத் தின்னும் பண்டத்துக்கு அது ஒத்துவராது. இதற்கு ஃபெட்டாதான் சரி. ஃபெட்டா புளிப்பு ஏறிய சீஸ், புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் அது 4.5 அளவில் இருக்கும். அந்தப் புளிப்பில் பால் புரதம் சூட்டில் ஓடி உருகாது, கட்டி அப்படியே நிற்கும். ஆனால் உள்ளே குழைந்து, கரண்டியால் அழுத்தினால் வெண்ணெய்போலப் பரவும். ஆறிய பிறகும் மொசரெல்லாவைப்போல இழுபட்டு இறுகாது.

"ஃபெட்டாவும் உருகாது, பன்னீரும் உருகாது, பன்னீரையே வைக்கலாமே" என்று யாராவது எழுதுவார்கள், எனக்குத் தெரியும். பன்னீர் வேறு. பாலைக் கொதி நிலை வரை காய்ச்சித் திரிப்பதால், மற்ற சீஸ்களில் திரிந்த நீரோடு போய்விடும் புரதமும் அதில் சேர்ந்து கெட்டிப்படுகிறது. ஓவனில் வைத்தால் காய்ந்து விறைக்கும், குழையாது. பன்னீர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, பாலக் பன்னீர் எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் உண்டு. இந்தத் தட்டில் அதற்கு இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொருவர் வந்து, "இது 2021இல் டிக்டாக்கில் பரவிய ஃபெட்டா பாஸ்தாதானே" என்பார். அந்தப் பாஸ்தாவை அதற்கு முன்பே, 2019இல், பின்லாந்தில் பரப்பியவர் அந்நாட்டுச் சமையல் பதிவர் யென்னி ஹாயிரினென். நல்ல சமையல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபெட்டாவையும் தக்காளியையும் சேர்த்துச் சுடுவது அப்போது பிறந்த யோசனை அல்ல. கிரேக்கத்தின் தெசலோனிகி நகரத்து உணவகங்களில் பூயுர்தி என்று ஒன்று தருவார்கள். சிறிய மண் சட்டியில் ஃபெட்டா, தக்காளி, நீளமான பச்சை மிளகாய், ஒரேகானோ, காரத்துக்கு இடித்த சிவப்பு மிளகாய், மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய். சட்டி கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும், ரொட்டியைக் கிள்ளித் தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான்.

நான் ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். 1960இல் மேற்கு ஜெர்மனி கிரேக்கத்துடன் தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு ஏராளமான கிரேக்கர்கள் இங்கே ஆலைகளுக்கு வந்தார்கள், இன்றும் இந்த நகரத்தில் அவர்கள் நிறைய. எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி அப்படி வந்தவர்களில் ஒருவர். தெசலோனிகிக்காரர். என் ஜெர்மன் தட்டுத்தடுமாறும் ஜெர்மன், அவருடையதும் அப்படித்தான், அதனாலேயே நாங்கள் நன்றாகப் பேசிக்கொள்வோம். அவரிடம்தான் இதைக் கற்றேன். அவர் அளவுக்கரண்டி தொடவே மாட்டார். எண்ணெய் ஊற்றும்போது நான் போதும் என்பதுபோலப் பார்ப்பேன், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். பூயுர்தியில் எல்லாமே ஒரே சட்டிக்குள் போகும். தக்காளியைத் தனியாக முதலில் சுடுவது நான் சேர்த்துக்கொண்டது. அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் ஒரு வார்த்தையும் மறுப்புச் சொல்லவில்லை, தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். எனக்கு அதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.

அளவுக்கு வருகிறேன், ஆறு பேருக்கு. அரை கிலோ செர்ரித் தக்காளியைப் பாதியாக வெட்டுங்கள். பெரிய தக்காளிதான் இருக்கிறதென்றால் நான்காக வெட்டி, விதைச் சாற்றை வழித்து ரசத்துக்கு எடுத்து வையுங்கள். தோல் உரிக்காத பூண்டுப் பல் ஏழெட்டு. ஆலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. ஒரேகானோ ஒரு தேக்கரண்டி, உள்ளங்கையில் கசக்கித் தூவுங்கள். உப்பு கிட்டத்தட்ட வேண்டாம். ஃபெட்டா உப்புநீரிலேயே ஊறிய பண்டம், நீங்களும் போட்டால் வாயில் வைக்க முடியாது. சுடுவதற்கு முன் தூவும் உப்பு தக்காளியின் தண்ணீரையும் சீக்கிரமே வெளியே இழுத்துவிடும். ஓவனை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, தக்காளியை இருபது இருபத்தைந்து நிமிடம் சுடுங்கள். பிறகு நடுவில் இடம் ஒதுக்கி 200 கிராம் ஃபெட்டாக் கட்டியை உடைக்காமல் முழுதாக வைத்து, தட்டில் இருக்கும் எண்ணெயையே அதன் தலைமேல் ஊற்றி, இடித்த மிளகாய் தூவி, இன்னும் பதினைந்து நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் மேல் கிரில்லை மட்டும் எரியவிட்டால் கட்டியின் விளிம்பு பொன்னிறமாகும். பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கினால் களிம்பாக வரும், அதை அதிலேயே மசித்துவிடுங்கள். காரம் பிடிக்காதவர்களுக்கு ஓரத்தில் சிறிது தேன்.

தொட்டுத் தின்ன கடினமான மேலோடு உள்ள ரொட்டிதான் நல்லது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் சப்பாத்தியை முக்கோணமாக வெட்டி எண்ணெய் தடவி அதே ஓவனில் மொறுமொறுப்பாக்கித் தரச் சொல்வார்கள். அதுவும் அருமையாக இருக்கும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் வளர்ந்த வீட்டில் விருந்து என்றால் அம்மா சமையலறையைவிட்டு வெளியே வந்ததே கிடையாது. பஜ்ஜி சூடாக இருக்க வேண்டும், அதனால் அவர் அடுப்பருகே நிற்க வேண்டும். கூடத்தில் எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்கும், என்ன சிரிப்பு என்று எட்டிக் கேட்பார், அதற்குள் எண்ணெய் காய்ந்துவிடும். வந்தவர்கள் வயிறு நிறைந்து கிளம்பும்போதுதான் அவருடன் நாலு வார்த்தை பேசுவார்கள், அதுவும் வாசலில் நின்றபடி. பஜ்ஜியைப் பழிக்கிறேன் என்று தயவுசெய்து யாரும் கிளம்பி வராதீர்கள். மழை நாளில் வாழைக்காய் பஜ்ஜிக்கு ஈடு இணை கிடையாது. ஆனால் விருந்தாளியை அழைத்தவர் விருந்தாளியுடன் உட்கார வேண்டும். சூடாகவும் கொடுக்க வேண்டும், உட்காரவும் வேண்டும் என்றால், தானாக வேகும் பண்டம் ஒன்று வேண்டும். இதைத் தட்டில் பரப்பிவிட்டால் உங்களுக்கு அடுத்த நாற்பது நிமிடத்தில் வேலை ஒருமுறை கதவைத் திறந்து மூடுவது மட்டும்தான்.

கடந்த குளிர்காலத்தில் என் கணவரின் அலுவலகத்தார் சிலரையும் இங்குள்ள இரண்டு தமிழ்க் குடும்பங்களையும் ஒரே மாலையில் அழைத்தோம். ஏழு மணி என்றால் ஜெர்மானியர்கள் ஏழுக்கு மணி அடிப்பார்கள். நம்மவர்களுக்கு ஏழு என்றால் வீட்டில் குளிக்கப் போகும் நேரம். நான் இரண்டு தட்டு தயார் செய்திருந்தேன். முதல் தட்டு ஏழேகாலுக்கு மேசைக்கு வந்தது. இரண்டாவதில் தக்காளி மட்டும் சுட்டுத் தயாராக இருந்தது. எட்டு மணிக்கு வாசலில் காலணி கழற்றும் சத்தம் கேட்டதும் சீஸை வைத்து உள்ளே தள்ளினேன். பின்னால் வந்தவர்களுக்கும் புதுச் சூட்டில் கிடைத்தது. நான் ஒரு நிமிடம்கூடப் பேச்சை விட்டு எழுந்து போனதாகத் தோன்றவில்லை.

அன்று என் கணவரின் பெரியப்பாவும் ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். முட்டைகூடத் தொடாதவர். தட்டைப் பார்த்துவிட்டு, "சீஸில் கன்றுக்குட்டியின் குடலில் எடுத்த ஏதோ சேர்ப்பார்களாமே, அம்மா, உண்மையா?" என்று கேட்டார். மேசையில் இருந்த சிலர் புன்னகைத்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. பாலைத் திரிக்கும் ரென்னெட் பாரம்பரியமாகக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்துதான் வருகிறது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ சீஸில் கன்றின் ரென்னெட் கட்டாயம். ஃபெட்டாவில் இரண்டு வகையும் உண்டு, சில நிறுவனங்கள் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டைப் பயன்படுத்துகின்றன. ஜெர்மன் பொட்டலத்தில் வெறும் 'லாப்' (ரென்னெட்) என்று போட்டிருந்தால் எது என்று சொல்ல முடியாது; 'மிக்ரோபியெல்லஸ் லாப்' (நுண்ணுயிர் ரென்னெட்) என்று இருந்தால் சைவர்கள் சாப்பிடலாம். பல பொட்டலங்களில் எதுவுமே எழுதியிருக்காது. பெரியப்பாவுக்காகவே தேடி வாங்கி, பொட்டலத்தின் உறையையும் எறியாமல் வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து வரியைக் காட்டி, பொருள் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை மாட்டி அவரே ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு ரொட்டியை எடுத்தார். அதன்பின் இரண்டாவது தட்டில் பெரும் பங்கு அவருடையது. சைவ விருந்தினர் வருவதாக இருந்தால், தயவுசெய்து, வாங்கும்போதே இதைப் பாருங்கள்.

பெயரையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் செய்த சீஸுக்கு மட்டும்தான். செம்மறியாட்டுப் பால், அதில் வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை கலக்கலாம், குறைந்தது இரண்டு மாதம் முதிர வேண்டும். அதன் பக்கத்திலேயே பசும்பாலில் செய்த வெள்ளைக் கட்டி 'ஹிர்ட்டென்கேசெ' என்ற பெயரில் மலிவாக இருக்கும். அவசரத்துக்கு அதுவும் ஆகும், புளிப்பும் மணமும் குறைவு.

ஓவன் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், குடிபுகும் அன்றே ஓவன் கதவுக் கண்ணாடியை விளக்கடித்துப் பாருங்கள். எங்கள் முந்தைய வீட்டில் உள்கண்ணாடியில் நாங்கள் வருவதற்கு முன்பே கீறல் இருந்தது. காட்டினோம். வீட்டைக் காட்ட வந்தவர் "இது சாதாரணம், எழுதத் தேவையில்லை" என்று சொல்லி ஒப்படைப்புக் குறிப்பில் சேர்க்க மறுத்தார். காலி செய்யும்போது முழுக் கதவின் விலையையும் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். படம் எடுத்து வைத்திருந்தோம், அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணமாக வாங்கலாம். அது குடும்பத்தின் சேமிப்பு. மொழி தெரியாதவர் சண்டைக்கு வர மாட்டார் என்ற தைரியம் அவர்களுக்கு. நினைத்தால் இன்றும் கொதிக்கிறது. எழுத மாட்டேன் என்று யார் சொன்னாலும், எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, நீங்கள் இந்தியாவில் இருந்து ஓவன் இல்லை என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ஊருக்குப் போனபோது அம்மா வீட்டில் வார்ப்பு இரும்பு வாணலியில் செய்தேன். எண்ணெய் காய்ந்ததும் தக்காளியை வெட்டிய பக்கம் கீழாக வைத்து, பெரிய தீயில், கிளறாமல், அடி கறுக்கும் வரை விட வேண்டும். கிளறினால் தொக்காகிவிடும். பிறகு தீயைக் குறைத்து, ஃபெட்டாவை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மூடியின் உள்பக்கம் ஒரு துணி கட்டினால் ஆவித் தண்ணீர் சொட்டாது. பொன்னிற விளிம்பு கிடைக்காது, மற்றபடி ருசி அதுவேதான். நாட்டுத் தக்காளியின் புளிப்பு இதற்கு இன்னும் பொருத்தம்.

மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் தோசைக்குள் மசாலாவுக்குப் பதில் தடவிப் பாருங்கள். எண்ணெய் தனியாக ஊற்ற வேண்டாம், அதிலிருப்பதே போதும்.