அந்த அட்டையை என்ன பண்றது? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

குடியாத்தம் பக்கத்துல இருந்து எழுதறேன், பேர் போடவேணாம் ப்ளீஸ். போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில சபையில வாக்குத்தத்த அட்டை, அதான் வர்ற வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் எழுதின அட்டை, எடுக்க சொன்னாங்க. என் தம்பிக்காக நான்தான் எடுத்தேன். யோவான் 11:40 வந்துச்சி, "நீ விசுவாசித்தால் தேவனுடைய மகிமையைக் காண்பாய்"னு. தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சி, வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ், நானும் அம்மாவும் மாத்தி மாத்தி வேலூருக்கு பஸ்ல கூட்டினு வருவோம். அவன் கையில டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய சேத்து ஃபிஸ்டுலா போட்ட எடத்துல விரல வெச்சா உள்ள விர்ருன்னு ஓடும். அவன் தூங்கறப்ப அம்மா அத தொட்டு தொட்டு பாத்துப்பாங்க. அட்டைய பாத்ததும் இந்த வருஷம் எல்லாம் சரியாயிடும்னு நம்பிட்டோம்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல தம்பி போயிட்டான். 27 வயசு. போஸ்டர்ல "மகிமைக்குள் பிரவேசித்தார்"னு போட்டாங்க. சபையில ஒருத்தர் உங்க வீட்ல விசுவாசம் பத்தலன்னு அம்மா காதுபடவே சொன்னாரு, அன்னைலருந்து அம்மா கோயிலுக்கு வர்றதில்ல.

நான் கேக்கறது ஒண்ணுதான் அண்ணா. அட்டையில இருக்கற மகிமையும் போஸ்டர்ல இருக்கற மகிமையும் ஒண்ணா? அது நெஜமாவே வரப்போற ஒண்ணா, இல்ல எங்கள மாதிரி ஆளுங்கள சமாதானப்படுத்த சொல்ற வார்த்தையா? அட்டைய கிழிக்க கை வரல, பைபிள்ல வெக்கவும் மனசு வரல. டிவி ஸ்டாண்டுக்கு அடியில கெடக்குது.

ஒரு வாசகி, குடியாத்தம்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு, தெனமும் எடுத்து படிப்பேன், மூடி வெச்சிடுவேன். சாவு வூட்டுக்கு வந்து அவசர அவசரமா ஒரு வசனத்த சொல்லிட்டு காபி குடிச்சிட்டு போறவங்கள நீங்க நெறைய பாத்திருப்பீங்க, அந்த வரிசையில நானும் போயி நிக்கக்கூடாதுன்னு ஒரு பயம்.

மொதல்ல அம்மாகிட்ட இத படிச்சி காட்டுங்க. விசுவாசம் பத்தலன்னு சொன்னவரு யோவான் 11ம் அதிகாரத்த முழுசா படிக்கல. அந்த வசனத்த இயேசு சொன்னது, செத்து அடக்கம் பண்ணின லாசருவோட அக்கா மார்த்தாகிட்ட, அவன் கல்லறை முன்னால. கல்லை எடுத்துப்போடுங்கன்னு அவர் சொல்றாரு, மார்த்தா "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே"ன்னு தடுக்கறா, அதுக்கு அடுத்த வரிதான் உங்க அட்டையில இருக்கறது. கொஞ்ச நேரம் முன்னாடி நீரே கிறிஸ்துன்னு விசுவாசிக்கிறேன்னு சொன்னவதான் அவ, ஆனா கல்லறை வாசல்ல வந்து நின்னதும் தம்பி ஒடம்பு நாறும்ங்கறது மட்டும்தான் அவளுக்கு தெரியுது, அக்காவாச்சே. அவள பாத்து உனக்கு விசுவாசம் பத்தலன்னு அவர் சொல்லி திருப்பி அனுப்பல. அதுக்கு அஞ்சு வசனம் முன்னால "இயேசு கண்ணீர் விட்டார்"னு இருக்குது. அழுத கண்ணோட நின்னுக்கினுதான் அவர் இந்த வார்த்தைய சொல்றாரு. புள்ளைய பறிகொடுத்த தாய்க்கு விசுவாசத்துல மார்க் போட எந்த மனுஷனுக்கும் அதிகாரம் கெடையாது. இத எழுதறப்ப எனக்கு கை நடுங்குது, அவ்ளோ கோவம்.

இப்ப நீங்க கேட்ட கேள்வி. மகிமைன்னா என்ன.

எனக்கு ரொம்ப நாளா மகிமைன்னா வெளிச்சம்தான். சண்டே ஸ்கூல் படத்துல மேய்ப்பருங்க கண்ண கூசிக்கினு நிப்பாங்களே அது. நல்லா இருக்கறப்ப அந்த வெளிச்சம் போதும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டுல உக்காந்திருக்கறவனுக்கு ட்யூப்லைட்டே கண்ண குத்தும், இன்னொரு வெளிச்சம் எதுக்கு. அந்த வார்த்தைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு புரிஞ்சது எங்க நைனாவாலதான், எங்க அப்பாவாலதான்.

நைனா லாங் பஜார் பக்கம் அரிசி மண்டியில மூட்டை தூக்கினவரு. 75 கிலோ மூட்டைய முதுகுல வாங்கிக்கினு பலகை மேல ஏறி லாரியில அடுக்குவாரு, ஒரு நாளைக்கு எத்தினின்னு அவருக்கே கணக்கு தெரியாது. தோள்ல ஒரு எடம் மாட்டுத்தோல் மாதிரி காய்ச்சி போயிருக்கும், சின்ன வயசுல நான் அதுமேல கன்னத்த வெச்சி தூங்குவேன். கடைசி நாலு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தாரு. காத்தால ஆறு மணிக்கு நர்சம்மா எடை மெஷின தள்ளிக்கினு வருவாங்க, ரெண்டு பக்கமும் நாங்க புடிச்சிக்க மெல்ல ஏறி நிப்பாரு. 52 இருந்துச்சி, அப்புறம் 47, அப்புறம் 41. ஒருநாள் முள்ளு 38ல நின்னுச்சி. நைனா குனிஞ்சி அத பாத்தாரு, பாத்துட்டு என் பக்கம் திரும்பி "அரை மூட்டைப்பா"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. எடை தெரிஞ்ச மனுஷன், அவருக்கு யாரும் எதுவும் விளக்கவேண்டியது இல்ல. அடுத்த வாரம் போயிட்டாரு.

அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் கழிச்சி ஒரு வேதபாட வகுப்புல கத்துக்கினேன், பழைய ஏற்பாட்டுல நம்ம மகிமைன்னு படிக்கற எடத்துல எபிரெயத்துல பெரும்பாலும் இருக்கற வார்த்தை கபோத். ஆசாரியன் ஏலியோட மருமக தன் புள்ளைக்கு இக்கபோத்னு பேர் வெச்சாளே, "மகிமை இஸ்ரவேலை விட்டுப் போயிற்று"ன்னு, அந்த கபோத். அதோட வேர் எடை, பாரம். வெளிச்சம்ங்கறது அப்புறம் வந்து சேந்துக்கினது. தமிழ்லயும் இது அப்படியே இருக்குது பாருங்க, கனம்னா எடை, கனம்னா மரியாதை. "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ன்னு பத்து கட்டளையில வருதே, அங்க எபிரெயத்துல இருக்கறதும் இதே வேர்தான். அத கேட்டதும் எனக்கு அந்த எடை மெஷின்தான் ஞாபகம் வந்துச்சி, வகுப்புல உக்காந்து அழுதுட்டேன்.

அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின நிருபத்துல, 2 கொரிந்தியர் 4:17ல எழுதறாரு, "அதிசீக்கிரத்தில் நீங்கும் இலேசான நம்முடைய உபத்திரவம் மிகவும் அதிகமான நித்திய கனமகிமையை உண்டாக்குகிறது". கனமகிமை! அவர் எழுதின கிரேக்கத்துலயும் அங்க பாரம்ங்கற வார்த்தைதான் இருக்குது, தமிழ்ல மொழிபெயர்த்தவங்க அத கைவிடாம புடிச்சி வெச்சிருக்காங்க. இலேசானன்னு சொல்றாரே, நம்ம கஷ்டம் இவருக்கு இலேசான்னு எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சி. ஆனா சொல்ற ஆள் யாரு? அதே நிருபத்துல 11ம் அதிகாரத்துல கணக்கு குடுக்கறாரு, அஞ்சு தடவை 39 அடி, மூணு தடவை மிலாறு, அதாவது கம்படி, ஒருதடவை கல்லடி, மூணு தடவை கப்பல் ஒடஞ்சிது. பாரம்னா என்னன்னு முதுகுல வாங்கினவரு. உங்க வீட்ல நடந்ததுக்கு எடையே இல்லன்னு அவர் சொல்லல, தராசோட அந்த பக்கத்து தட்டுல வரப்போறத பாத்துட்டுதான் இந்த பக்கம் இலேசுங்கறாரு. இப்ப உங்க வீட்ல எல்லாத்தவிட கனமா இருக்கறது தம்பி படுத்த அந்த காலி எடம்தான், வேற எது பேசினாலும் அதுக்கு முன்னாடி பஞ்சு மாதிரி பறந்துடும். தேவமகிமைங்கற வாக்குத்தத்தம் என்ன சொல்லுதுன்னா, அத விட கனமான ஒண்ணு இருக்குது, அது தேவனே, அவர் வந்துக்கினு இருக்காரு. இதத்தான் நான் நம்பறேன். சமாதானத்துக்காக சொல்லல.

எப்ப வருவாருன்னு கேப்பீங்க. இங்க எனக்கு எசேக்கியேல் தீர்க்கதரிசிதான் தொணை.

நம்ம வேலூர பத்தி ஒரு பேச்சு உண்டே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் 1981 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சி, பல நூறு வருஷமா மூலவர் இல்ல. சின்ன புள்ளையில நைனா என்னை கோட்டைக்கு கூட்டினு போனப்ப பாத்திருக்கேன், கல்லுல அவ்ளோ வேலைப்பாடு, குதிரையும் யாளியும் தூண் தூணா நிக்குது, உள்ள கருவறை காலி. நான் வேற மார்க்கத்துக்காரன்தான், ஆனா சாமி இல்லாத கோயில்னா எப்படி இருக்கும்னு அன்னைக்கு பாத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. எருசலேம் ஆலயத்த எசேக்கியேல் அப்படித்தான் பாக்கறான். அவன் ஆசாரியன், கி.மு. 597ல பாபிலோனுக்கு கொண்டுபோன கைதிங்கள்ல ஒருத்தன். மகிமை ஆலயத்த விட்டு போறத தரிசனத்துல பாக்கறான், ஒரேயடியா போகல, வாசப்படியில நிக்குது, கெழக்கு வாசல்ல நிக்குது, ஊருக்கு கெழக்கால மலை மேல போயி நிக்குது, போக மனசே இல்லாத மாதிரி. அப்புறம் 24ம் அதிகாரம், "சாயங்காலத்தில் என் மனைவி செத்துப்போனாள்"னு ஒத்த வரி. அழக்கூடாதுன்னு வேற அவனுக்கு கட்டளை. அது சிறையிருப்போட ஒம்பதாம் வருஷம். கி.மு. 586ல ஆலயமும் எரிஞ்சி போச்சு. இருபத்தஞ்சாம் வருஷத்துலதான் 40ம் அதிகாரத்து தரிசனம் வருது, 43ல மகிமை திரும்பி வர்றத பாக்கறான். நடுவுல 16 வருஷம். பொண்டாட்டி திரும்பி வந்தான்னு அந்த புஸ்தகத்துல எங்கயும் இல்ல. அத மறைக்காம அந்த புஸ்தகம் எழுதியிருக்கறதாலதான் 43ம் அதிகாரத்த என்னால நம்ப முடியுது.

போன கெழக்கு வழியாவே திரும்பி வருது, "அவருடைய சத்தம் பெருவெள்ளத்தின் இரைச்சலைப்போல இருந்தது"ன்னு. 2021 நவம்பர்ல பாலாறு வந்துச்சே, நீங்களும் போயி பாத்திருப்பீங்க. வெறும் மணலும் சீமக்கருவேலமும்தான் ஆறுன்னு நெனச்சி வளந்த புள்ளைங்கள கூட்டினு ஊரே பாலத்துல போயி நின்னுச்சி. நானும் நின்னேன். கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடியே அந்த சத்தம் காலுல ஏறுது, பாலம் அதிருது, பக்கத்துல ஒரு கெழவி கைய கூப்பிக்கினு பேச்சில்லாம நிக்கறாங்க. கரையோரம் வீடு போனவங்களும் உண்டு, அந்த வலிய நான் மறக்கல. ஆனா செத்த ஆறுன்னு எல்லாரும் எழுதி வெச்ச ஒண்ணு அப்படி கனத்தோட வந்தத பாத்த அன்னைலருந்து அந்த வசனத்த சும்மா கண்ணால படிச்சிட்டு போக முடியல.

நீங்க எழுதலன்னாலும் கடிதத்துக்குள்ள ஒண்ணு இருக்குது, இயேசு கூப்பிட்டதும் லாசரு கல்லறையிலருந்து எழுந்தான், என் தம்பி எழலயே. இதுக்கு மழுப்பலா ஒண்ணும் சொல்லமாட்டேன். எழல. ஏன்னு எனக்கு சொல்ல தெரியாது. லாசரு எழுந்தது அதே பழைய ஒடம்புல, அவனும் மறுபடியும் ஒருநாள் செத்துதான் இருப்பான், மார்த்தா ரெண்டாவது தடவையும் அழுதிருப்பா. போஸ்டர்ல இருக்கற மகிமை அத விட பெருசு. அடக்க ஆராதனையில சபை போதகர் வாசிச்சிருப்பாரு, 1 கொரிந்தியர் 15, "கனவீனமுள்ளதாய் விதைக்கப்படும், மகிமையுள்ளதாய் எழுந்திருக்கும்". கனவீனம், அதாவது கனம் இல்லாம போறது. 38 கிலோ. வாரம் ரெண்டு தடவை ஊசி குத்தி வீங்கிப்போன அந்த கை. அம்மா தொட்டு தொட்டு பாத்தாங்களே விர்ருன்னு ஓடறத, அந்த கையத்தான் விதைச்சிருக்கீங்க. ஆவி எங்கயோ பறந்து போயி மேகத்துல இருக்கும்னு பவுல் சொல்லல, ஒடம்பு எழுந்திருக்கும்ங்கறாரு. உயிர்த்த இயேசுவோட கையில ஆணி தழும்பு அப்படியே இருந்துச்சி, அவரோட சீஷர் தோமா அத பாத்தாரு. அதனால தம்பி கையில அந்த எடத்த அம்மா அடையாளம் கண்டுபுடிப்பாங்கன்னு நான் நம்பறேன்.

அதுக்கு முன்னாடி இங்க ஒண்ணுமே தெரியாதான்னா, தெரியுது. நம்ம ஊர்ல டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தாங்க. 1954ல ஆக்சிடென்ட்ல முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்கு கீழ உணர்ச்சி போயிடுச்சி, எத்தினி ஜெபம் ஏறெடுத்திருப்பாங்க, கால் திரும்பி வரல. வீல்சேர்ல உக்காந்துக்கினே தொழுநோயாளிங்களோட மடங்கிப்போன விரல ஆபரேஷன் பண்ணி நீட்டி விட்டாங்க, பாகாயத்துல இருக்கற மறுவாழ்வு மையம் அவங்க உழைப்புல வந்ததுதான். இத சொல்லி நீங்களும் ஏதாவது சாதிக்கணும்னு நான் கேக்கல, நீங்க இப்ப சோறு தின்னு தூங்கினாலே போதும். கேட்டது கெடைக்காத எடத்துலயும் அந்த கனம் வந்து எறங்குதுன்னு சொல்லத்தான் எழுதினேன்.

அட்டைய டிவி ஸ்டாண்டுக்கு அடியிலருந்து எடுங்க. தூசி தொடச்சி எசேக்கியேல் புஸ்தகத்துல வைங்க, 43ல வெக்கவேணாம், 24ல வைங்க, இப்ப நீங்க இருக்கற எடம் அதுதான். என் பைபிள்ல அங்கருந்து 43க்கு இருபத்தஞ்சு பக்கம் கிட்ட வருது. படிக்க முடியலன்னா பரவால்ல, அட்டை அங்க இருக்கட்டும்.

அம்மா கோயிலுக்கு வரலன்னா கட்டாயப்படுத்தாதீங்க. வேலூர் பஸ்ஸ பாத்தாலே இப்ப வயித்த பெசையும்னு தெரியும், அதனால நீங்க இங்க வரவேணாம். வர்ற சனிக்கெழம நானும் வீட்டுக்காரியும் குடியாத்தம் வர்றோம், அட்ரஸ் மட்டும் மெயில் பண்ணுங்க. சமைக்கவேணாம், நாங்க எடுத்துனு வர்றோம்.

அன்போட,
அண்ணன்