நான்கு ஆண்டுகளாக நின்ற தண்டர்பேர்டை வீட்டிலேயே மீட்டெடுப்பது எப்படி?

கேள்வி: என் சித்தப்பாவின் 2014-ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350, அவர் துபாய்க்குப் போனதிலிருந்து நான்கு ஆண்டுகளாக ஈரோட்டில் எங்கள் வீட்டு ஓட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 38,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. இப்போது அதை எனக்கே கொடுத்துவிட்டார். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் உண்டு, இன்ஜினைப் பிரித்ததில்லை. வீட்டிலேயே சரிசெய்து, மனைவியுடன் வால்பாறை வரை போய்வர ஆசை. புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன். எங்கே தொடங்குவது? எதை மெக்கானிக்கிடம் விடுவது?

பதில்: வாங்கிய பேட்டரியை இப்போதைக்குப் பெட்டியிலேயே வைத்திருங்கள். நெடுநாள் நின்ற வண்டிகளில் பெரிய சேதம் நிற்கும்போது ஏற்படுவதைவிட, ஆர்வத்தில் செல்ஃபை அழுத்தும் அந்த முதல் நிமிடத்தில்தான் ஏற்படுகிறது. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் எப்போதோ வடிந்திருக்கும். அங்கே லேசாகத் துரு பூத்திருந்தால் பிஸ்டன் ரிங்குகள் அதை அப்படியே உரசி இழுக்கும். கூடவே, டேங்கின் அடியில் தங்கிய துருத் தூளும் கெட்டுப்போன பெட்ரோலும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் போய்ச் சேரும். ஆகவே ஸ்டார்ட் செய்வதை வேலையின் கடைசிப் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஒருமுறை ஓடிவிட்டால், அதன் பிறகு பிரேக்கைப் பிரித்து உட்கார யாருக்கும் பொறுமை இருப்பதில்லை என்பதும் இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம்.

வண்டி மீட்கத் தகுந்ததுதான். தண்டர்பேர்டின் உற்பத்தி 2020-இல் நின்று, அதன் இடத்துக்கு மீட்டியார் 350 வந்துவிட்டது என்றாலும், உங்கள் வண்டியின் 346 சிசி இன்ஜின் அதே காலத்துக் கிளாசிக் 350-இலும் இருப்பதால் இன்ஜின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மீட்டர் தொகுப்பு, பின் விளக்கு, 20 லிட்டர் டேங்க் போன்றவை தண்டர்பேர்டுக்கே உரியவை என்பதால், அவற்றைக் கழற்றும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

ஸ்பானரைத் தொடும் முன்னரே ஆவண வேலையைத் தொடங்கிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் சித்தப்பாவின் கையெழுத்து தேவைப்படும். அவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது இதை முடித்துவிடுவது நல்லது. 2014-இல் பதிவான வண்டியின் ஆர்சி 15 ஆண்டுக் கணக்கில் 2029 வரை செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். காலாவதியான காப்பீட்டுடன் தெருமுனை வரைகூட ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

இனி இன்ஜின். உங்களுடையது இரட்டை ஸ்பார்க் பிளக் உள்ள இன்ஜின். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, கழற்றும் முன் அவற்றைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, துளை வழியே ஓர் ஊசிக்குழலால் 10 மில்லி அளவுக்கு இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு அப்படியே விட்டுவையுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஐந்தாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தை ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சீராகச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. அசையவில்லை என்றால் மீண்டும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்போதும் அசையாவிட்டால் தள்ளியோ மிதித்தோ பலவந்தப்படுத்தாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் இந்த நேரத்திலேயே திறந்து பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் அதற்குள் எலி கூடு கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் சீட்டுக்கு அடியில் செல்லும் ஒயர்களையும் கடித்திருக்கும்.

இத்தகைய வண்டிகளில் உழைப்பை அதிகம் கேட்பது பெட்ரோல் செல்லும் பாதை. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கி, டேங்கின் இரும்பைத் தின்னத் தொடங்கும். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனைக்குப் பதில் வார்னிஷ் வாடை அடித்தால் உள்ளே இருப்பது எதற்கும் ஆகாது. டேங்க், சட்டத்தின் இருபுறமும் தொங்கும் வடிவில் இருப்பதால், பெட்ரோலைத் திறந்து மூடும் காக் வழியே வடித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் காலியாகும். முழுவதுமாகக் கழற்றிக் கவிழ்த்தே வடிக்க வேண்டும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், பாகங்கள் கழுவுவதற்குப் பயன்படுத்தும் பட்டறை ஏதாவது இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய செந்நிறப் படலம் மட்டும் என்றால் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்பதே போதும். காக்கையும் பெட்ரோல் அளவு காட்டும் சென்சாரையும் கழற்றி, அந்தத் துளைகளை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடைத்து, முதலில் சோப்பு நீரால் நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் அமிலம் வேலை செய்யாது. பிறகு லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், 20 லிட்டருக்கு ஒரு கிலோ சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து நிரப்பி, ஒரு நாளைக்கு மேற்படாமல் ஊறவிடுங்கள். வெளியே வழிந்தால் பெயின்டைக் கெடுக்கும் என்பதால் அவ்வப்போது ஈரத் துணியால் துடைப்பது அவசியம். கொட்டியபின் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே சூடான காற்றால் முழுவதும் உலர்த்தி, சிறிது இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். அலசியபின் ஒரு மணி நேரம் ஈரமாக விட்டாலே புதுத் துரு பூத்துவிடும். சுவரிலிருந்து செதில் செதிலாகத் துரு உதிர்ந்தாலோ, வெளிப்புறத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ, இந்த வைத்தியம் ஓட்டையில்தான் முடியும். வேறு டேங்க் தேடுவதே சரி. பெட்ரோல் இருந்த டேங்கை வெல்டிங் வைக்க நீங்களாக முயலவே கூடாது.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் குழாய்கள் எங்கெங்கே மாட்டப்பட்டிருந்தன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பச்சை கலந்த பழுப்புப் பிசின் ஒட்டியிருக்கும். அதே பிசின்தான், இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளையையும் அடைத்திருக்கும். நெடுநாள் நின்ற வண்டி சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது) போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் அணைந்துபோவதற்குப் பெரும்பாலும் இந்த ஜெட்தான் காரணம். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வட்டமான ஒரு புள்ளி ஒளி தெளிவாகத் தெரிய வேண்டும். ஊசி, பின் எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளைத் துளை ஒரு கீறலுக்கே பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதி, அப்போதும் போகாவிட்டால் மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையைப் பயன்படுத்தலாம். இந்தக் கார்புரேட்டரின் மேல் மூடிக்குக் கீழே டயாஃப்ரம் எனப்படும் மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று உண்டு. கிளீனர் அதன் மேல் பட்டால் ஊதி உருமாறிவிடும் என்பதால், கிளீனரைத் தொடும் முன் அதைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். அதில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வண்டி வேகம் எடுக்காது. கேஸ்கெட்டுகள், பெட்ரோல் குழாய், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் ஆகிய மூன்றையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே என் வழக்கம்.

அடுத்தது பிரேக். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஆளையும் பையையும் வைத்துக்கொண்டு இறங்கும்போது பிரேக் சூடாகிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் இழுத்துப் பழசான நிலையில் அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறைந்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, லீவர் அழுத்தமே இல்லாமல் கைப்பிடி வரை வந்துவிடும். உங்கள் வண்டியின் மூடியைத் திறந்தால் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருக்கப் போகிறது. முன்னும் பின்னும் டிஸ்க் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்: டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, அதிலுள்ள பேடுகளை எடுத்துவிட்டு, இடையில் ஒரு மரத்துண்டை வைத்து லீவரை மெதுவாக அழுத்தினால் எந்தப் பிஸ்டன் நகர்கிறது, எது இறுகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இறுகியிருந்தால் வெளியே எடுத்துப் பாருங்கள். பிஸ்டன் மேற்பரப்பில் நகத்தில் தட்டுப்படும் துருக் குழி இருந்தால் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரப்பர் சீல்களில் சாதாரண கிரீஸோ பெட்ரோலோ படக்கூடாது. பிரேக் ஆயில் பெயின்டை உரிக்கும். டேங்க் வண்டியில் இல்லாத நேரத்தில் இந்த வேலையைச் செய்வது வசதி. புது பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை எடுத்தபின் லீவரை இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருந்தால் அது சிறிதும் உள்ளே இறங்கக் கூடாது. இந்த ஒரு வேலையை மட்டும், நீங்கள் முடித்தபிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையைப் பிடிக்கும் பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஆறு ஆண்டு கடந்து, ஒரே இடத்தில் காற்றிறங்கி நின்ற டயரோடு மலை ஏறக்கூடாது. ஸ்போக் சக்கரம் என்பதால் டியூபையும் ரிம் நாடாவையும் சேர்த்தே மாற்றுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை இடம் வலமாகத் திருப்பும்போது நடுவில் லேசாகச் சிக்கினால் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங், போய்விட்டது என்று பொருள். அதை மாற்ற மெக்கானிக்கிடம் செல்வதே நல்லது. செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் பிடித்து இழுத்தால் பல்லில் பாதி தெரிகிறதா? அப்படியானால் செயினோடு இரண்டு ஸ்பிராக்கெட்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம். பழைய ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது. ஃபில்டரையும் மாற்றி, 15டபிள்யூ-50 தரத்தில், டப்பாவில் ஜாஸோ எம்ஏ (ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரம்) என்று குறித்திருக்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். பேட்டரியை மாட்டி, பிளக்குகள் இல்லாமல், இக்னிஷன் காயில் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐந்து ஐந்து விநாடியாகச் சில முறை செல்ஃப் சுற்றினால் ஆயில் மேலே ஏறும். பிறகு புது பிளக்குகள், புது பெட்ரோல். இந்த இன்ஜினில் டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, தாமே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் இருப்பதால், முதல் சில நிமிடங்களுக்கு டக்டக் என்ற சத்தம் கேட்டால் பதற வேண்டாம். ஆயில் நிரம்பியதும் அடங்கும். சூடானபின்னும் அடங்காவிட்டால் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டி வந்தால் சார்ஜிங் சரி. கியர் போட்டதும் வண்டி துள்ளி அணைந்தால் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. லீவரைக் கைப்பிடியோடு கட்டி ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.

குரோம், பெயின்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை; நல்லது. சைலன்சரின் மேல்துருவை ஈரமான அலுமினியத் தாளால் தேய்த்தாலே பாதி போய்விடும், மீதிக்கு அவசரம் இல்லை. மீட்டர், பின் விளக்கு போன்றவை தேவைப்பட்டால் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடலாம். ஆனால் பிரேக், டயர், பேரிங், கேபிள் ஆகிய எதையும் பழையதில் வாங்க வேண்டாம்.

முதலில் தெருவைச் சுற்றி, பிறகு பவானி வரை, பிறகு ஒரு நாள் நூறு கிலோமீட்டர் என்று ஓட்டி, ஒவ்வொரு முறை திரும்பியதும் இன்ஜின் தாங்கும் போல்ட்டுகள், காலிப்பர் போல்ட்டுகள், சைலன்சர் நட்டுகள் ஆகியவற்றை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்; இந்த இன்ஜினின் அதிர்வில் அவை தளர்வது வழக்கம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் மாற்ற வேண்டியிருக்கும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடியும் மாற்றுங்கள், அது பார்க்க நன்றாகவே இருந்தாலும். அதற்குள் கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்து, துருத் தூள் எதுவும் வராமல் இருந்தால், மலைக்குத் தேதி குறிக்கலாம்.