பெரியவர்கள் கையில் போன்: கேள்வி பதில்

முதியோர் மனநல ஆலோசகராக இருக்கிறேன். வயதானவர்களும் இணையமும் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் சில கேள்விகளும் என் பதில்களும்.

இணையம் பயன்படுத்தும் முதியவர்களுக்கு மனச்சோர்வு குறைவு என்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். 23 நாடுகளில் 50 வயது தாண்டிய 87,000-க்கும் அதிகமானவர்களின் தகவல்களை அலசி 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. இணையம் பயன்படுத்துபவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவு, வாழ்க்கையில் திருப்தி கூடுதல். ஆனால் கண்பார்வை, நடமாட்டம், கையில் காசு எல்லாம் நன்றாக இருப்பவர்தானே போனைத் தேடிப் போகிறார்? எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது லேசல்ல.

அதற்காகவே அமெரிக்காவில், தனியாக வசித்த 65 வயதுக்கு மேற்பட்ட 300 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எளிமையாக்கிய கணினி, இன்னொன்றுக்கு அதே மாதிரித் தகவல்கள் அடங்கிய காகிதக் கோப்பு. ஆறு மாதத்தில் கணினிக் குழுவின் தனிமையுணர்வு குறைந்திருந்தது. 12 மாதத்தில் இரு குழுக்களுக்கும் இடையே அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. ஆனாலும் கணினிக் குழு தொடக்கத்தில் இருந்ததைவிட மேலான நிலையில்தான் இருந்தது. ஆக, உதவும். ஆனால் போனை வாங்கிக் கையில் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

அம்மா போன பிறகு அப்பா (74) நாள் முழுக்க யூடியூப்தான். போனை வாங்கி வைத்துவிடலாமா?

வேண்டாம். ஒருமுறை அவர் அறைக்குள் எட்டிப் பாருங்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சை மட்டும் ஓடவிட்டிருக்கலாம். என்னிடம் வரும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வீடியோ அல்ல, வீட்டில் ஒரு குரல்.

மணிக்கணக்கை எண்ணாதீர்கள். போனைக் கீழே வைத்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "இதைக் கேட்டியா?" என்று உங்களிடம் வந்தால் கவலையில்லை. சாப்பாடு இறங்காமல், தூக்கம் கெட்டு, பிடித்ததில்கூட நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது போன் விவகாரம் இல்லை. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதியோருக்கென்றே 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. ஆம், இல்லை என்று சொன்னால் போதும், சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு 69 வயது. எதைத் தொட்டாலும் கெட்டுவிடுமோ என்று பயம். "குடுங்க தாத்தா" என்று பேரன் பிடுங்கிக்கொள்கிறான்.

ஐயா, வயதானால் விரல்நுனி வறண்டுபோகும். நாம் தொட்டதே திரைக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று அழுத்திப் பிடிப்போம். அதை அது வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சின்னங்கள் எல்லாம் நடுங்கும், கேட்காத பட்டியல் திறக்கும். எதுவும் கெட்டுப்போகவில்லை. விரலை ஈரத்துணியில் லேசாக ஒற்றி எடுங்கள், தட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். பேரனிடம், "கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொல்லிக் கொடு" என்று சொல்லுங்கள். போன் அவன் கைக்குப் போனால் நீங்கள் வெறும் பார்வையாளர்தான்.

போன் விளையாட்டு ஆடினால் மறதி நோய் வராதாமே?

ஆட ஆட அந்த விளையாட்டு நன்றாக வரும். அதற்குமேல் யாராவது வாக்குறுதி கொடுத்து விற்றால் வாங்காதீர்கள்.

தவறான செய்தியை அனுப்பிவிட்டேன் என்று மகன் குடும்பக் குழுவிலேயே திட்டினான். விலகிவிட்டேன். (பெண், 66)

அம்மா, செய்தி நினைவிருக்கும், யார் சொன்னது என்பது மறந்துபோகும். வயதாகும்போது நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2016 தேர்தல் சமயத்தில், 65 தாண்டியவர்கள் இளையவர்களைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச்செய்திகளைப் பகிர்ந்ததாக ஓர் ஆய்வு கண்டது. அதனால் அனுப்பும் முன் ஒருவரிடம் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் உங்கள் மகன் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதை நாலுபேர் முன்னால் சொன்னது தப்பு. இதை அவருக்கே காட்டுங்கள்.

அத்தை ஆன்லைனில் ஏமாந்து பணம் இழந்துவிட்டார். இனி அவருக்குப் பட்டன் போன் போதும் என்கிறார்கள் வீட்டில்.

முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு புகார். "எப்படி ஏமாந்தீங்க?" என்று யாரும் கேட்க வேண்டாம், அவரே தன்னை நூறு தடவை கேட்டிருப்பார். பணம் அனுப்பும் வரம்பைக் குறைத்து வையுங்கள். ஆனால் பட்டன் போனுக்கு மாற்றி, அவருடைய வீடியோ அழைப்புகளை நிறுத்திவிடாதீர்கள்.