சிறுத்தைக்குப் பயந்த தம்பிக்கு

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. ஹட்டனில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை. பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் சேர்ந்து ஊழியத்துக்குப் படிக்க வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே உள்ளுக்குள் ஓர் அழைப்பு. ஆனால் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாலே, தேயிலை மலையில் சிறுத்தையைக் கண்டவன் மாதிரி நடுங்குகிறேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். தங்கச்சியின் படிப்புக்கு வாங்கிய கடனும் பாதி நிற்கிறது. "வேதாகமத்தில் நாளுக்கு ஒன்றாக 365 இடத்தில் 'பயப்படாதே' என்று இருக்கிறது, பயந்தால் விசுவாசம் இல்லை என்றுதான் அர்த்தம்" என்கிறார் எங்கள் போதகர். எனக்கு விசுவாசம் போதாதா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், பொகவந்தலாவை)

பதில்: தம்பி, சிறுத்தை என்று எழுதினீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. எங்கள் காலத்தில் அது புலி. இலங்கைக் காட்டில் புலி என்ற மிருகமே கிடையாது. இருந்தும் தோட்டத்து லய வீடுகளில் ஒருவரும் சிறுத்தை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "மேமலையில புலி படுத்திருக்கு" என்றால், கங்காணி ஆட்களை வேறு மலைக்கு மாற்றிவிடுவார், அவ்வளவுதான். பிறகு யுத்தம் வந்தது. தோட்டத்தில் புலி நடமாட்டம் என்று பொலிசுக்குப் போனால், எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முறைப்பாட்டுக்காரரின் அடையாள அட்டையைக் கேட்பார். எத்தனை பேர்? எந்த லயத்தில் தங்கியிருக்கிறார்கள்? யார் சோறு கொடுப்பது? "ஐயா, அது நாலு காலில் வந்தது, ரெண்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனது" என்று விளங்கப்படுத்துவதற்குள் இவரை ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். நம் சனம் சிறுத்தை என்று சொல்லப் பழகியது அந்த நாட்களில்தான். விலங்கியலை உயிர் தப்புவதற்காகப் படித்த சமூகம் உலகத்தில் நாம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் சிறுத்தை பாவம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. பன்றிக்கு வைத்த சுருக்கு. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் அது பிழைக்கவில்லை. கொழுந்து மலையில் ஆட்களை அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது சிறுத்தையா? குளவி. தேயிலைச் செடிக்குள் கூடு இருப்பது கை பட்ட பிறகுதான் தெரியும். படங்கைத் தலையில் இழுத்துப் போர்த்துக்கொண்டு ஓட வேண்டும், கூடை போனால் போகட்டும். உங்கள் அம்மாவைக் கேளுங்கள், எதற்குப் பயம் என்று. சிறுத்தை என்று சொல்லமாட்டார்.

உங்கள் கடிதத்திலும் சிறுத்தையை நடுவில் நிறுத்திவிட்டுக் குளவியை ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். கடன் பாதி நிற்கிறது, அம்மா இன்னும் மலையில் நிற்கிறார். உங்களைக் கொட்டுவது இதுதான். இதற்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்கிறவர், உங்களுக்குப் பதிலாகத் தவணை கட்ட வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

365 கதைக்கு வருகிறேன். இது என்னை விடாது துரத்துகிற கதை. புதுவருட வாழ்த்து அட்டையில் வரும், கலண்டரில் வரும், வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு வரும். எந்தச் சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கியப் புத்தகத்தை எடுத்து எண்ணினால் அத்தனை வராது. சொன்னவர் யாரும் எண்ணவில்லை, கேட்டவர்களும் எண்ணவில்லை. வேதாகமத்தை எழுதிய யூதருக்குச் சந்திரக் கணக்கு, சாதாரண வருடத்துக்கு ஏறக்குறைய 354 நாள்தான். மீதிப் பதினொன்றை யாருக்காக எழுதினார்கள்? நம் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், நாலு வருடத்துக்கு ஒருமுறை பெப்ரவரி 29 வருகிறதே, அன்றைக்கு மட்டும் கிறிஸ்தவர்கள் தாராளமாகப் பயப்படலாமா? இதை இந்தப் பக்கத்தில் முன்பொரு தடவை எழுதியதற்கு ஒரு பிரசங்கியார் கோபித்துக்கொண்டு, சந்தாவை நிறுத்துவதாகக் கடிதம் போட்டார். அதற்கு அடுத்த இதழில் நான் எழுதியதற்கும் வரிக்கு வரி மறுப்பு அனுப்பினார். இரவல் வாங்கி வாசிக்கிறார் போலிருக்கிறது.

அதே பிரசங்கியாரின் சுகமளிக்கும் பெருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். தலைப்பே "பயப்படாதே". மைதானத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைக்கூட விடாமல் பயப்படாதிருக்கச் சொன்னார்கள். பாதிப் பிரசங்கத்தில் வான் சாரதி மேடையோரம் வந்து காதில் ஏதோ சொன்னார். பாதையில் பனி இறங்குகிறதாம், இப்போதே கிளம்பினால்தான் நல்லதாம். பிரசங்கியார் மூன்றாவது குறிப்பிலிருந்து நேரே ஆசீர்வாதத்துக்குத் தாவினார். சாரதி சொன்னதைக் கேட்டதில் தப்பில்லை, அந்த வளைவுகளை நானும் இரவில் விரும்பமாட்டேன். ஆனால் முன்வரிசையில் நெஞ்சில் கைவைத்து அழுதுகொண்டிருந்த ஆச்சிக்கு, தனக்குத்தான் விசுவாசம் குறைவு என்று தோன்றியிருக்கும்.

அழைக்கப்பட்டவர் பயந்த கதை வேண்டுமென்றால் நியாயாதிபதிகள் 6, 7 ஆம் அதிகாரங்களைத் திறந்து வையுங்கள். கிதியோன், இஸ்ரவேலரை ஒடுக்கிய மீதியானியருக்குத் தெரியாமல் ஆலையில் ஒளித்துக் கோதுமை போரடித்துக்கொண்டிருக்கிறான். தூதன் வந்து "பராக்கிரமசாலியே" என்கிறான். நம்மூராக இருந்தால் இதை நக்கல் என்றே எடுத்திருப்போம். கொடுத்த முதல் வேலை, தகப்பனுடைய பாகால் பலிபீடத்தை இடிப்பது. வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து அதை அவன் பகலில் செய்யவில்லை, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு இரவில் செய்தான் என்று வேதமே சொல்கிறது. கர்த்தர் அதற்கு ஒரு வார்த்தை கடிந்துகொண்டாரா? பிறகு படை சேர்கிறது. பயமுள்ளவன் வீட்டுக்குப் போகலாம் என்றதும் 22,000 பேர் எழுந்து போய்விடுகிறார்கள், 10,000 பேர் நிற்கிறார்கள். போனவர்களுக்கு இருந்த பயம் தலைவனுக்கும் இருந்தது. அவன் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. மீதியானியரின் பாளயத்துக்குள் இறங்கிப் போ, போகப் பயமென்றால் வேலைக்காரன் பூராவையும் கூட்டிக்கொண்டு போ என்கிறார் கர்த்தர். கிதியோன் வீறாப்புப் பேசவில்லை. பூராவைக் கூட்டிக்கொண்டு போனான். உங்கள் போதகர் கிதியோனைப் பற்றிப் பிரசங்கித்தால், கடைசியில் மிஞ்சிய 300 பேருக்கும் அவர்கள் ஊதி வென்ற எக்காளத்துக்கும் ஓடிவிடுவார், பூராவை விட்டுவிடுவார். பூராவைப் போட்டு வாழ்த்து அட்டை அடிக்க முடியாது.

நம்மூர்க் கதையும் அப்படித்தான். யோசப் வாஸ் அடிகள் 1687இல் கோவாவிலிருந்து வந்து இறங்கியபோது ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தேடிப் பிடிக்கிற காலம். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்தார், துணைக்கு யோவான் என்ற ஊழியன். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ அதுதான் விசுவாசி வீடு. பூசையெல்லாம் இரவில். 1692இல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கீச உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள், அந்த யோவானையும் சேர்த்து. 1697இல் கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, இந்த மனிதர் அவர்களோடு நின்றார். வேடம் போட்டு வந்தவரும் அவர்தான், அம்மைக்காரரைத் தூக்கியவரும் அவர்தான். எந்த வேளையில் ஒளிவது, எந்த வேளையில் நிற்பது என்று தெரிந்தவர். 2015இல் அவரைப் புனிதராக்கியபோது காலிமுகத்திடல் கொள்ளாத கூட்டம். அதில் எத்தனை பேர் அந்தக் கூலியாள் வேடத்தை நினைத்தார்களோ.

நீங்கள் பயப்படுவது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லப்போவதில்லை. மைக்கல் ரொட்ரிகோ அடிகள் புத்தலப் பக்கம் பௌத்த கிராமத்து ஏழைகளோடு குடியிருந்தார். 1987 நவம்பர் 10 ஆம் திகதி, பூசை வைத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே இருந்தால் ஆபத்து என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. "விசுவாசித்தால் ஒன்றும் ஆகாது" என்கிற கட்சிக்காரர்கள் இந்தப் பெயரை எங்கே வைப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் உங்கள் விசுவாசத்தை எடைபோட இந்தப் பக்கத்தில் தராசு இல்லை. நடுக்கம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் போவேன் என்றால், நீங்கள் பென்சன் வாங்கிக்கொண்டுதான் போவீர்கள். செய்யக்கூடியது உண்டு. கடன் விவரத்தை ஒரு தாளில் எழுதி, சபை மூப்பர் ஒருவரிடமும் அம்மாவிடமும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவேயில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. லீசிங் கம்பனியில் வேலை செய்கிறவருக்குத் தவணைக் கணக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை கண்டி பஸ் ஏறி, கூட்டாளி ஒருவரையும் அழைத்துக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போய்ப் பாருங்கள். பல சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கிய இடம், சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அங்கே படிக்கிறவர்களிடம் பயமாக இருந்ததா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்கிறவனை நம்பாதீர்கள், அடுத்தவனிடம் கேளுங்கள்.

விண்ணப்பத்தோடு போதகரின் சிபாரிசுக் கடிதமும் கேட்பார்கள். அதை முதலில் கையெழுத்தோடு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் அதற்குப் பிறகு காட்டினால் போதும்.