பெயர் கேட்காமல் விட்ட அம்மாளுக்குச் சேலை எடுக்கலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். கல்யாணமாகி மும்பைப் பக்கம் டோம்பிவிலிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வேலை தாதரில். போன வருடம் ஐந்தாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை வயிற்றைத் தள்ளிக்கொண்டு காலை எட்டே கால் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில்தான் போனேன். கல்யாண் ஸ்டேஷனிலிருந்து உட்கார்ந்து வரும் ஒரு மராத்தி அம்மாள், நான் ஏறியதும் எழுந்து இடம் விடுவார். முதல் நாள் என்னைப் பார்த்து "பஸ், பஸ்" என்றார். கூட்டத்தில் ஏறாதே, பஸ்ஸில் போ என்கிறார் என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது! அப்புறம்தான் உட்காரச் சொல்கிறார் என்று புரிந்தது. காட்கோபரில் இறங்கும் வரை நின்றுகொண்டே வருவார். நாலு மாதமும் இப்படித்தான். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது குழந்தைக்கு ஏழு மாதம். வேலைக்குத் திரும்பி ஒரு மாதமாகத் தேடுகிறேன், அவரைக் காணோம். ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுக்க ஆசை. "பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது பட்ட கடனை வைத்துக்கொள்ளாதே" என்கிறார் மாமியார். "சீட்டு விட்டதற்கெல்லாம் சேலையா?" என்று சிரிக்கிறார் கணவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் எனக்கு இடம் கிடைத்தது. எதிரே வயதான ஒரு பாட்டி நின்றார். எழுந்திருக்க முடியாமல், தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து மனசு அறுக்கிறது. நான் நன்றி கெட்டவளா?
– பெயர் வேண்டாம், டோம்பிவிலி.

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசியில் எழுதியதுதான் உங்கள் கடிதத்தின் முதல் விஷயம் என்று தோன்றுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தத் தூக்கம் மும்பையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குர்லாவில் மூடிய கண்ணை மாட்டுங்காவில் இறங்கும்போது மட்டும் திறந்த நாட்கள் என் கணக்கில் ஏராளம். ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுத்துவிட்டு, விடிகாலையில் மிச்சப் பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, டப்பா கட்டிக்கொண்டு ஓடி வரும் உடம்பு அது. அதற்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வராது. நன்றி கெட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மனசு அறுக்காது. அவர்கள் எனக்கு எழுதிக்கொண்டும் இருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு மூன்று மாதம் கிடைத்த இடத்தில் நிம்மதியாக உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம், அவ்வளவுதான். அந்தப் பாட்டியைப் பார்த்து, "கைக்குழந்தைக்காரி, தாணே வரை உட்கார்ந்துகொள்கிறேன், அப்புறம் நீங்கள் உட்காருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வழி உனக்கு, பாதி வழி எனக்கு என்று மாற்றிக்கொள்வது லேடீஸ் பெட்டியில் புதிதில்லை. மூன்று பேர் பலகையில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொள்ள ஒரு சாண் நகர்ந்து கொடுப்பதும் இங்கே கணக்கில் சேர்த்திதான்.

அடுத்து உங்கள் கணவருக்கு. "சீட்டு விட்டதற்கெல்லாம்" என்று சொல்கிறவர் காலை நேரத்தில் கல்யாண் பிளாட்ஃபாரத்தில் நின்றதில்லை என்று நினைக்கிறேன். அங்கே வண்டி நிற்பதற்கு முன்பே பாதி இடம் நிரம்பிவிடும். உங்கள் டோம்பிவிலியிலேயே எத்தனை பேர் உட்கார ஒரு இடத்துக்காக எதிர்த்திசை வண்டியில் கல்யாண் வரை போய், அதே வண்டியில் திரும்பி வருகிறார்கள்! உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் எங்கே இறங்குவாள் என்று விசாரித்து, அந்த இடத்துக்கு வாயாலேயே முன்பதிவு செய்து, "இது என்னுடையது" என்று சண்டை வரை போகிற ஊர் இது. அப்படிப் பிடித்த இடத்தை ஒருநாள் விட்டுக்கொடுக்கலாம், பாவம் பார்த்து. நாலு மாதம் தினமும் விடுவதற்கு வேறு மாதிரி மனுஷி வேண்டும். (இதைப் படிக்கும் மற்ற கர்ப்பிணிகளுக்கு: மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏற உங்களுக்கும் அனுமதி உண்டு. அதுவும் காலையில் நிரம்பித்தான் வரும், ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.)

சரி, மாமியார் சொல்லும் கடனுக்கு வருவோம். என் கதை ஒன்று சொல்கிறேன்.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அந்த நாள். நான் வந்த வண்டி குர்லா தாண்டி நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று இறங்கி நடந்தோம். முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். சயானுக்கு முன்னால் ஒரு சால் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள) கட்டடத்தின் மாடிப்படியில் ஏறி நின்றபோது, ஒரு பெண் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் என் கையில் ஒரு நைட்டியைக் கொடுத்து உள்ளே தள்ளினாள். ஊதாப் பூப் போட்ட நைட்டி, கைப்பக்கம் தையல் விட்டிருந்தது. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடுங்காப்பியும் இரண்டு குளூக்கோஸ் பிஸ்கட்டும் கிடைத்தன. அந்த ஒற்றை அறையில் எங்களைப் போல எத்தனை பெண்கள் என்று எண்ணவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினோம்.

இரண்டு வாரம் கழித்து, துவைத்து, கைத் தையலையும் போட்டு, இஸ்திரி பண்ணிய நைட்டியோடு ஒரு டப்பா முறுக்கும் எடுத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எந்த நைட்டி?" என்றாள். நான் அன்றைய ராத்திரியை விவரிக்க, அவள் சிரித்தாள். அன்றைக்கு யார் யாரோ வந்தார்கள், கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தேன், இது என் நாத்தனாருடையதாக இருக்கும் என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பதினைந்து நாளாக நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தது, அவள் வீட்டில் யாருக்குமே நினைவில்லை. முறுக்கை வாங்கிக்கொண்டாள். டப்பாவைக் காலியாகத் தர மாட்டேன் என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். நம் ஊரிலும் அப்படித்தானே?

ஆகவே மாமியாரிடம் சொல்லுங்கள்: கடன் என்றால் கொடுத்தவர் நோட்டிலும் எழுதியிருக்க வேண்டும். அந்த அம்மாளின் நோட்டில் நீங்கள் இருப்பீர்களா என்பதே சந்தேகம். உங்களுக்கு முன்னால் வேறொரு வயிற்றுக்காரிக்கு எழுந்திருப்பார், இப்போது இன்னொரு வண்டியில் இன்னொருத்திக்கு எழுந்துகொண்டிருப்பார்.

சயான் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி இருப்பது உங்களுக்குத் தெரியுமா? 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது, ஆசியாவிலேயே முதலாவது. தன் பிள்ளைக்குப் போக மிச்சம் சுரக்கிற தாய்மார்கள் அங்கே பால் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கி, உறைய வைத்து, குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். எந்தத் தாயின் பால் எந்தக் குழந்தைக்குப் போனது என்று கொடுத்தவளும் கேட்பதில்லை. நீங்களும் போய்க் கொடுங்கள் என்று சொல்ல வரவில்லை, உங்கள் உடம்பு இப்போது உங்கள் பிள்ளைக்கே சரியாக இருக்கும். கொடுத்தவர் யாரென்று தெரியாமலே வாங்கி வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய என்பதற்காகச் சொன்னேன். அவர்களில் யாரும் சேலையோடு அலையவில்லை.

ஆனாலும் தேடுங்கள். கடனுக்காக இல்லை, கொடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. தினமும் ஒரே வண்டியில், ஒரே கதவில் ஏறுகிறவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்காது. பட்டாணி உரித்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் வருகிற கூட்டம் ஒன்று உங்கள் பெட்டியிலும் இருக்குமே, அவர்களிடம் கேளுங்கள். கல்யாணில் ஏறி காட்கோபரில் இறங்குகிறவர், இன்ன உயரம், இன்ன மூக்குக் கண்ணாடி என்று சொன்னால் போதும். ரிடையர் ஆகியிருக்கலாம், ஷிஃப்ட் மாறியிருக்கலாம், பிந்திய வண்டிக்குப் போயிருக்கலாம். நவராத்திரியில் லேடீஸ் பெட்டிப் பெண்கள் ஒன்பது நாளும் ஒன்பது நிறத்தில் உடுத்திக்கொண்டு பெட்டியிலேயே ஆட்டம் போடுவார்கள். தசராவுக்கு நாம் ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல வண்டிக்குத் தோரணம் கட்டுவார்கள். வழக்கமாக வராதவர்கள்கூட அன்றைக்கு அந்தப் பழைய வண்டியில் ஏறுவதுண்டு. அதற்குள் கிடைக்காவிட்டால் அப்போது ஒரு கண் வைத்திருங்கள்.

கண்டுபிடித்தால் சேலை வேண்டாம். அதை வாங்கிக்கொள்ள அவருக்குச் சங்கடமாக இருக்கும். அப்புறம் பதிலுக்கு உங்களுக்கு ஒன்று எடுக்க நேரும். தாதர் பூ மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள், போனில் குழந்தையின் போட்டோவைக் காட்டுங்கள். நாலு மாதம் அவர் இடம் விட்டது இந்த ஆளுக்கும் சேர்த்துத்தானே. பெயரை மட்டும் இந்தத் தடவை கேட்டுவிடுங்கள்.

பழக்கதோஷத்தில் அவர் மறுபடி எழுந்து "பஸ்" என்று சொன்னால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் அதே வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லக் கூடாது, மராத்தியில் அது ஒருமை. "தும்ஹி பஸா" என்று சொல்ல வேண்டும். வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.